தண்ணி வடிஞ்ச பிறகும் நிப்போம்

ஐடி விங் கூட்டத்தில் நான் பேசியதன் எழுத்து வடிவம் இது.

2004 சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினத்தில் பழைய துணி சாலையோரம் குவிஞ்சு கிடந்தது. அனுப்பினவங்க மனசு நல்ல மனசுதான். என்ன வேணும்னு கேட்டு அனுப்பியிருந்தா இன்னும் உதவியிருக்கும்.

2015 வெள்ளத்தில் சென்னைக்கு ஊரே திரண்டு வந்தது. ஆனா நம்ம வார்டு முதியோர் இல்லத்துக்குக் கரண்ட் பில்லும் சமையலம்மா சம்பளமும் மாசாமாசம் வருது. நம்ம பிறந்தநாள் வருஷத்துக்கு ஒருதடவைதான் வருது!

அதனால நாலு விஷயம்:

🔹 பிரியாணி கொண்டுபோகும் முன் ஒரு போன் பண்ணுங்க. அவங்களுக்கு அன்னைக்குத் தேவை முதியோர் டயப்பரா இருக்கலாம்.

🔹 மாசம் 200 ரூபாய்னாலும் தவறாம குடுங்க. வரிச்சலுகைக்கான பதிவு இருக்கான்னு பார்த்து ரசீது வாங்குங்க. 2,000 ரூபாய்க்கு மேல ரொக்கமா குடுத்தா வரிச்சலுகை கிடையாது.

🔹 ரத்ததானத்தை ஒரே நாள்ல முடிச்சுடாதீங்க. பிளேட்லெட் 5 நாள்தான் தாங்கும். ஆண்கள் 3 மாசம், பெண்கள் 4 மாசம் இடைவெளியில் குடுக்கலாம். கிளைவாரியா தேதி பிரிச்சுக்குவோம்.

🔹 களத்தில் நிக்கிற தன்னார்வலருக்குப் பெட்ரோல் காசு, சாப்பாடு, முறைவச்சு ஓய்வு குடுங்க. ஓடுற நாலு பேரையே ஓடவிட்டா அவங்களும் ஒருநாள் உட்கார்ந்துடுவாங்க. நமக்குத் தெரிஞ்ச எக்செல் கணக்கை வாரம் ஒரு மணி நேரம் அவங்களுக்குப் போட்டுக் குடுப்போம்.

கடைசியா ஒண்ணு. வாங்குறவங்க முகத்தைப் போட்டோ எடுத்துப் போடாதீங்க. போஸ்ட் வராட்டி பரவாயில்ல, அடுத்த மாசமும் போங்க.