கெடாது என்னும் சொல்

கற்றாழைச் சோற்றை வழித்தெடுத்துத் தேங்காயெண்ணெயுடன் கடைந்து, பன்னீர் சிறிது சேர்த்துக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து அயலவர்க்கு விற்கத் தொடங்கும் ஒரு குடும்பப் பெண்ணை மனக்கண்முன் நிறுத்திப் பார்க்கலாம். அவளது முயற்சி பாராட்டுக்குரியது. குடும்ப வருவாய்க்கும் அது துணை செய்யும். ஆனால் போத்தலில் ஒட்டிய சீட்டிலே, ‘இரசாயனம் அற்றது, ஆறு மாதம் கெடாது’ என்று அவள் எழுதும்போது ஒரு பெரும் பொறுப்பைத் தலைமேல் ஏற்கின்றாள். அவ்விரு கூற்றுக்களும் ஒரு போத்தலுக்குள் ஒன்றாக வாழ இயலுமா என்பதே ஆராயத்தக்கது.

வீட்டிலே பூசுபொருள் செய்தல் தமிழ் மக்களுக்குப் புதியதன்று. பயற்றம் மாவும் சீயாக்காய்த் தூளும் உலர்ந்த நிலையிலேயே வைக்கப்பட்டன. பச்சையாக அரைத்த மஞ்சளும் கற்றாழையும் அன்றே அரைத்து அன்றே பூசப்பட்டன. மூலிகைச் சாறு சேர்த்த எண்ணெயோ, சடசடப்பு அடங்கிப் பதம் வரும்வரை காய்ச்சப்பட்டது. அந்தச் சடசடப்பு, எண்ணெயிலுள்ள நீர் ஆவியாகும் ஓசையே. அது அடங்கிற்றெனில் நீர் நீங்கிற்று என்பது பொருள். நீரின்றிப் பற்றீரியாவும் பூஞ்சணமும் பெருகமாட்டா. முன்னோர் கிருமியைக் கண்டாரல்லர். ஆயினும் அதன் உயிர்நாடி நீரே என்பதற்கிணங்க நடந்துகொண்டனர்.

நீர் நீங்கிய எண்ணெய்க்கும் ஒரு கேடு உண்டு. காற்றிலுள்ள ஒட்சிசன் அதனைத் தாக்கக் காறல் நாற்றம் தோன்றுகின்றது. தேங்காயெண்ணெயின் கொழுப்பில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிரம்பிய வகையாதலின் அது மெல்லவே காறும். சூரியகாந்தி எண்ணெய் விரைவிற் காறும். விற்றமின் ஈ இக்காறலைத் தாமதிக்கச் செய்யும். கிருமியை அது தடுக்காது. இவ்விரு கேடுகளையும் ஒன்றெனக் கருதி, விற்றமின் ஈ சில துளி விட்டவுடன் களிம்பு காக்கப்பட்டதாக நம்புவதே வீட்டு உற்பத்தியாளரிடம் மிகுதியாகக் காணப்படும் பிழையாகும்.

கற்றாழைச் சோற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டுப் பங்குக்கு மேல் நீரே. அதனை எண்ணெயோடு கடைந்தால் கிருமிக்கு வீடும் உணவும் ஒருங்கே கிடைக்கின்றன. களிம்பின் நிறமும் மணமும் மாறுமுன்பே கிருமிகள் பெருந்தொகையாகப் பெருகியிருக்கக்கூடும். ஆதலின் மூக்கை மட்டும் நம்புதல் தகாது. சூடோமோனாசு என்னும் பற்றீரியா நீர்ப்பொருள்களில் எளிதிற் குடிகொள்ளும். காயமுற்ற கண்ணில் அது பற்றினால் பார்வைக்கே கேடு விளையலாம். பச்சிளங் குழந்தையின் தோலிலும் ஆறாத புண்ணிலும் பூசப்படும் பொருளுக்கு இவ்வெச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

‘இயற்கைக் காப்புப்பொருள்’ என்னும் பெயரில் விற்கப்படுவனவற்றையும் ஆராய்ந்தே ஏற்கவேண்டும். கிரேப்புரூட் பழ விதைச் சாறு அத்தகைய புகழ் பெற்றது. 1999இல் ஜேர்மனிய ஆய்வாளர் கடைகளில் விற்ற ஆறு சாறுகளைச் சோதித்தனர். ஐந்து கிருமியை எதிர்த்தன. அவ்வைந்திலும் பென்செதோனியம் குளோரைட்டு என்னும் செயற்கைப் பொருள் இருந்தது. அத்தகைய பொருள் எதுவும் கலவாத ஆறாவது சாற்றுக்குக் கிருமியை எதிர்க்கும் ஆற்றலே இருக்கவில்லை. அச்சாற்றை வாங்கிக் கலந்து ‘இரசாயனம் அற்றது’ என எழுதியவர், தாம் அறியாமலே பொய்யுரைத்தவரானார்.

மெய்யான காப்புப்பொருள்களும் அளவறிந்து பயன்படுத்த வேண்டியவையே. சோடியம் பென்சோயேற்றும் பொற்றாசியம் சோர்பேற்றும் புளிப்புத்தன்மை போதிய அளவு உள்ள கலவையிலேயே தொழிற்படும். பீனொக்சியெதனோல் நூற்றுக்கு ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி. மெதைல்ஐசோதயசோலினோன் என்பது பலருக்கு ஒவ்வாமை தந்தமையால், கழுவாது தோலில் விடப்படும் பொருள்களில் 2017 முதல் அங்கே விலக்கப்பட்டுள்ளது. காப்புப்பொருள் சேர்த்த பின்னும் சோதனை தேவை. ஆய்வுகூடத்தில் களிம்பினுள் கிருமிகளை வேண்டுமென்றே புகுத்தி, இருபத்தெட்டு நாள்வரை அவை அழிகின்றனவா என்று எண்ணிப் பார்ப்பர். அச்சோதனையில் தேறாத பொருளுக்கு ‘ஆறு மாதம்’ என்பது வெறும் விருப்பமேயன்றிக் கணக்கன்று.

மூலப்பொருள் வாங்குமிடத்திலும் விழிப்பு வேண்டும். அஞ்சனக்கல் என விற்கப்படுவது ஈயத்தின் தாதுவாக இருத்தல் கூடும். பங்களாதேசத்திலே மஞ்சளுக்கு நிறமூட்ட ஈயக் குரோமேற்றுக் கலக்கப்பட்டமை 2019இல் வெளியான ஆய்வுகளால் உறுதிப்பட்டது. கஸ்தூரி மஞ்சள் என்ற பெயரில் வேறினக் கிழங்கு விற்கப்படுவதும் உண்டு. இயன்றவரை தூளைத் தவிர்த்து முழுக்கிழங்கை வாங்கி வீட்டில் இடித்தல் நன்று. மெழுகுதிரிக்குச் செய்த வாசனையும் நிறமும் தோலுக்கு உரியன அல்ல. எவரிடம், எந்நாளில், எத்தொகுதியிலிருந்து வாங்கியது என ஒரு கொப்பியிற் குறித்து வைத்தால், தவறு நேர்ந்தபோது காரணத்தைத் தேடிச் செல்ல வழியிருக்கும்.

ஐரோப்பிய ஒன்றியம் 2013இல் அழகுப்பொருள் விளம்பரங்களுக்கு வகுத்த விதிகளில் உண்மையும் சான்றும் நேர்மையும் இடம்பெறுகின்றன. கிருமி தடுக்கும் வேறு பொருளைச் சேர்த்துவிட்டுக் ‘காப்புப்பொருள் அற்றது’ என்பதும், சட்டம் அனுமதித்த ஒரு பொருளை ‘இதில் இல்லை’ எனக் கூறி இழிவுபடுத்துவதும் தகாதன என அதற்கான வழிகாட்டல் விளக்குகின்றது. சட்டம் எந்நாட்டினதாயினும் அதன் கருத்து எந்நாட்டிற்கும் பொருந்தும்.

இனி அந்தப் பெண் என் செய்யலாம்? உலர்ந்த தூளும், பதமாகக் காய்ச்சிய எண்ணெயும், காரத்தன்மை மிக்க சவர்க்காரமும் கிருமிக்கு எளிதில் இடங்கொடா. முதலில் அவற்றை விற்கலாம். களிம்புதான் செய்வதெனில், தகுந்த காப்புப்பொருளை அளந்து சேர்த்து, சோதித்து, அதன் பெயரைச் சீட்டில் மறையாது எழுதலாம். கற்றாழையை அன்று வழித்து அன்றே கொடுப்பாளாயின், ‘இன்றே பாவிக்குக’ என்னும் இரு சொற்கள் போதும். கெடாது என்று அவற்றின் மேல் எழுத வேண்டியதில்லை. நாளை அவள் புதிதாகச் செய்து தருவாள் என்ற நம்பிக்கையே வாங்குவோரை மீண்டும் அவள் வாசலுக்கு அழைத்து வரும்.