ஒரு நாடும் பல பெயர்களும்



மத்தியதரைக் கடலுக்கும் யோர்தான் நதிக்கும் இடைப்பட்ட நிலம் யாருக்குரியது என்று வாதிடுவோர் பலர், பெயரையே சாட்சிக்கு அழைக்கின்றனர். எங்கள் பெயரே மூத்தது என்பர் இரு சாராரும். அச்சாட்சியைச் சிறிது விசாரிப்போம்.

மிகப் பழைய பெயர்களுள் ஒன்று கானான். கி.மு. 14ஆம் நூற்றாண்டிலே எகிப்திய அரசவைக்கு வந்த களிமண் ஏடுகளில் அது காணப்படுகின்றது. 

இஸ்ரவேல் என்ற பெயர் மெர்னெப்தா மன்னனின் வெற்றிச் சாசனத்திலே வருகின்றது. காலம் ஏறக்குறைய கி.மு. 1208, 1896இல் கண்டெடுக்கப்பட்டது. இஸ்ரவேலை ஒழித்துவிட்டதாக மன்னன் பெருமை பேசுகின்றான். அப்பெயரை நமக்குக் காத்துத் தந்ததோ அவனுடைய கல்லேதான்! இன்னுமொரு நுட்பம்: அதிலே அஸ்கலோன் முதலிய ஊர்ப் பெயர்களுக்கு இடக்குறி இடப்பட்டிருக்க, இஸ்ரவேலுக்கு மட்டும் மக்கட் கூட்டத்தைச் சுட்டும் குறி இடப்பட்டுள்ளது. ஆகவே, அங்கே அது நாட்டின் பெயரன்று, ஒரு குலத்தாரின் பெயர்.

பலஸ்தீனமும் அவ்வாறே. கி.மு. 12ஆம் நூற்றாண்டிலே, கடல்வழி வந்து போர்தொடுத்த பெலெசெத் என்போரை மூன்றாம் ராம்சேஸின் கோயிற் சுவர்கள் குறிப்பிடுகின்றன. விவிலியம் கூறும் பெலிஸ்தியர் இவர்களே என்பர். காசா முதலிய கரையோரப் பட்டினங்களில் வாழ்ந்த அவர்கள் பிற்காலத்திலே பிறரோடு கலந்து மறைந்தனர். பெயர் மட்டும் எஞ்சியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் எரோதோத்தசு என்னும் கிரேக்க சரித்திராசிரியர் அதை விரிந்த நிலப்பரப்புக்கு வழங்கினார். யூதர் கிளர்ச்சி கி.பி. 135இல் அடக்கப்பட்டதையொட்டி, உரோமர் யூதேயா மாகாணத்தைச் சிரியா பலஸ்தீனா என்றனர். உரோமரே அப்பெயரைப் புனைந்தனர் என்பாருமுளர். எரோதோத்தசை அவர்கள் படிக்கவில்லைப் போலும். இன்றைய பலஸ்தீனரைப் பெலிஸ்தியரின் நேர் வாரிசு என்பதும் அத்தகைய பேச்சே. 7ஆம் நூற்றாண்டில் வந்த அரபு ஆட்சியினர் அம்மாவட்டத்தைப் பிலஸ்தீன் என்றே வழங்கினர்.

பிரித்தானியர் ஆட்சியிலே தபால் முத்திரையிலும் இவ்வழக்கு ஏறியது. 1920 தொடக்கம் முத்திரைகளில் பலஸ்தீனம் என்பது ஆங்கிலம், அரபு, எபிரேயம் ஆகிய மும்மொழிகளிலும் அச்சிடப்பட்டது. எபிரேயத்திலே மட்டும், ‘இஸ்ரவேல் நாடு’ என்பதன் சுருக்கமாக ஈரெழுத்துக்கள் சேர்ந்தன. முழுப்பெயர் இல்லையென்று யூதர் குறைப்பட்டனர். அவ்வீரெழுத்தும் ஆகாதென்று அரபுத் தரப்பார் 1925இல் நீதிமன்றம் சென்றனர். வழக்குத் தள்ளுபடியாயிற்று, எழுத்துக்கள் அப்படியே நின்றன.