கத்தரிப் பூவும் கருவண்டும்

கத்தரிக்கு உதவும் தேனீக்கள் தங்குவதற்கு வீட்டுக் கொல்லையில் ஒரு முழ மண்ணும் ஒரு மூங்கில் துண்டுமே போதும். கத்தரிப் பூவின் மகரந்தம், அதாவது காய் பிடிப்பதற்கு வேண்டிய தூள், குழல் போன்ற பைகளில் அடைபட்டிருப்பதால், கருவண்டு எனப்படும் தச்சுத்தேனீயும் நீலவரித் தேனீயும் பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச்செய்து, உப்புக் குப்பியைக் குலுக்குவதுபோல், நுனித்துளை வழியே அதை உதிர்க்கின்றன. நீலவரித் தேனீ மண்ணுக்குள்ளும், கருவண்டு காய்ந்த மரத்திலும் மூங்கிலிலும் கூடமைக்கின்றன. ஆகவே, கொல்லை முழுவதும் சிமெண்ட் பூசாமல் ஒரு முழ மண்ணை வெறுமனே விட்டு, மூங்கில் துண்டொன்றை மழை படாத இடத்தில் கட்டி, துளசியைப் பூக்கவிட்டு, பூச்சிமருந்தைத் தவிர்த்தால், அவை நாடிவர வழி பிறக்கும். கொஞ்சம் மண், ஒரு மூங்கில், பூத்த துளசி: தேனீக்கு இவையே வீடும் விருந்தும்.