கதவைத் திறந்தவர் யார், மூடியவர் யார்?

(தோட்டக் கிளைச் சங்கப் பொதுக்கூட்டத்தில் கிராணி ஒருவர் ஆற்றிய உரை)



"நீங்கள் வந்தவர்கள்தானே" என்று நம்மைப் பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம். இன்று நம்மில் சிலரே, இந்தோனேசியாவிலிருந்தும் வங்காள தேசத்திலிருந்தும் வேலைக்கு வருகிறவரைப் பார்த்து அதே வார்த்தையைச் சொல்கிறார்கள். ஆகையால் இந்நாட்டுக்கு மனிதர் வந்த வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்ல விரும்புகிறேன்.

ஆதியில் ஆட்களை அழைத்து வந்தது பருவக் காற்று. இன்றைய கெடாவை நம் முன்னோர் கடாரம் என்றார்கள். 1025-ல் இராசேந்திர சோழன் படையெடுத்து வருமுன்பே அங்கே நம் வணிகரின் போக்குவரத்து இருந்தது. பின்னர் மலாக்கா தழைத்தது. தமிழர், குஜராத்தியர், சீனர், ஜாவானியர் எல்லோரும் அங்கே கடை விரித்தார்கள். அவர்கள் காரியங்களைக் கவனிக்க சுல்தான் நான்கு துறைமுக அதிகாரிகளை வைத்திருந்தார். வந்தவர் தீர்வை கட்டினார்; வியாபாரம் செய்தார்; விரும்பியவர் இங்கேயே குடும்பம் நடத்தினார். மலாக்காச் செட்டிகள் அவர்கள் வழி வந்தவர்களே. 1511-ல் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தனர்.

வெள்ளையர் 1786-ல் பினாங்கிலும் 1819-ல் சிங்கப்பூரிலும் காலூன்றிய பிறகு கதை மாறியது. காற்றின் இடத்தில் கடன் வந்து நின்றது. கரும்பு, காப்பித் தோட்டங்களுக்குச் சஞ்சிக்கூலிகளாக நம்மவர் கொண்டுவரப்பட்டனர். கப்பல் செலவே கடன். அது தீருமுன் தோட்டத்தை விட்டு ஓடினால் சட்டப்படி குற்றம். சஞ்சிக்கு ஆள் எடுப்பது 1910-ல்தான் நின்றது.

அதற்குள் ரப்பர் வந்துவிட்டது. 1907-ல் முதலாளிமாரிடம் வரி வசூலித்துக் குடியேற்ற நிதி ஒன்று ஏற்படுத்தினார்கள். கப்பல் செலவு அதிலிருந்து கொடுக்கப்பட்டது. கங்காணி தன் சொந்தக் கிராமத்துக்கே போய் உற்றார் உறவினரைக் கூட்டி வந்தார். அவர்கள் வேலைக்குப் போகும் நாளுக்கெல்லாம் அவருக்குத் தலைக்காசு கிடைத்தது. சஞ்சி போயிற்று, முன்பணக் கடன் போகவில்லை.

தோழர்களே, இனிமேல் கதவைக் கவனியுங்கள். 1930-ல் ரப்பர் விலை விழுந்தது. வா என்று அழைத்தவர்களே நம்மவரைப் பல்லாயிரக்கணக்கில் கப்பலேற்றித் திருப்பி அனுப்பினார்கள். 1938-ல் முதலாளிகள் கூலியைக் குறைத்தார்கள். செலவு கொடுத்து ஆள் அனுப்புவதை இந்திய அரசாங்கம் உடனே தடை செய்தது. 1941-ல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தபோது, அதன் தலைவர்களில் ஒருவரான ஆர். எச். நாதனைப் பிடித்து நாடு கடத்தினார்கள். ஆள் வேண்டும்போது திறந்த கதவு, அவன் நியாயம் கேட்டபோது அவனை வெளியே தள்ளவும் திறந்தது!

சுதந்திரம் 1957-ல் வந்தது. 1959-ல் புதிய குடிநுழைவுச் சட்டம் வந்தது. 1968-ல் இயற்றிய சட்டத்தால் பிரஜையல்லாதார் வேலை செய்ய பெர்மிட் தேவையாயிற்று. விண்ணப்பிக்காமலோ கிடைக்காமலோ பிரஜையாகாமல் இருந்து, சிவப்பு அடையாளக் கார்டு வைத்திருந்த நம்மவர் பலர், உழைத்த மண்ணை விட்டுக் கப்பலேறினார்கள். பின்னர் செம்பனை பெருகியது, ஆள் போதவில்லை, கதவு மறுபடியும் திறந்தது. இப்போது வருகிறவன் கையில் சஞ்சிக் காகிதம் இல்லை. ஆனால் ஏஜெண்டுக்குக் கடன் இருக்கிறது. அவன் பெர்மிட் ஒரே முதலாளியின் பெயரில் இருக்கிறது. அவன் பாஸ்போர்ட்டைப் பிறர் வாங்கி வைத்துக்கொள்வது 1966-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். ஆனாலும் அது நடக்கத்தான் நடக்கிறது.

"அவர்கள் வந்ததால்தானே நம் சம்பளம் ஏறவில்லை?" என்று கேட்பீர்கள். கேள்வியில் நியாயம் உண்டு. கடனுக்கும் பயத்துக்கும் கட்டுப்பட்டவன் கொடுத்ததை வாங்கிக்கொள்வான். பக்கத்தில் நிற்கிறவன் சம்பளமும் அதோடு இறங்கும். ஆனால் இதற்கு மருந்தை நம் முன்னோரே காட்டியிருக்கிறார்கள். 1941-ல் கிள்ளானில் சீனத் தொழிலாளிக்குக் கூலி அதிகம், நம்மவருக்குக் குறைவு. நம்மவர் "சீனனை அனுப்பு" என்று கேட்கவில்லை. "அவனுக்குக் கொடுப்பதை எங்களுக்கும் கொடு" என்றார்கள். துரையைக் கண்டால் சைக்கிளை விட்டு இறங்கும் வழக்கமும் ஒழிய வேண்டும் என்றார்கள். இன்று அதே கோரிக்கையை நாம் மறுபக்கத்தில் நின்று சொல்ல வேண்டும்: நமக்குக் கொடுப்பதை அவனுக்கும் கொடு!

2025-ல் 1,700 வெள்ளியாக உயர்ந்த குறைந்தபட்ச மாதச் சம்பளம் அவனுக்கும் உரியது. அவன் சங்கத்தில் அங்கத்தினராகச் சேரச் சட்டத்தில் தடையில்லை. செக்ரோலில் அவன் பெயர் நம் பெயருக்கு அடுத்த வரியில்தான் இருக்கிறது. சங்கப் புத்தகத்தில் மட்டும் ஏன் இல்லை? பெரட்டில் பக்கத்தில் நிற்கிறவனிடம் பேசுங்கள். சம்பளச் சீட்டைப் படிக்கத் தெரியாவிட்டால் படித்துச் சொல்லுங்கள். கிராணிமார்களே, இது முக்கியமாக நம் கடமை.

கதவின் சாவி என்றுமே தொழிலாளி கையில் இருந்ததில்லை. உள்ளே வந்துவிட்டவர்கள் ஒன்றுசேர்வதா, பிரிந்து நிற்பதா என்பது மட்டும் நம் கையில் இருக்கிறது.

ஒற்றுமை ஓங்குக!