துருவும் ஓர் உவமையும்



முப்பது ஆண்டுகள் வேதியியல் கற்பித்தவன் நான். பத்தாண்டுகளாக இவ்வட்டத்தின் கடைசி வரிசையில் அமர்ந்து கவிதை கேட்டு வருகிறேன். இன்று ஒரு குறை சொல்ல உங்கள் அனுமதி வேண்டும். நம் கவியரங்குகளில் துரு எப்போதும் சோம்பலுக்கே உவமையாகிறது. உழைக்கும் இரும்பு ஒளிரும், உறங்கும் இரும்பு துருவேறும் என்று பாடுகிறோம். 'பாடுகிறோம்' என்றது அவையடக்கத்திற்காக அன்று. நானும் அப்படி ஒன்று எழுதியவன்தான்.

என் தந்தையார் ஏர் பிடித்தவர். உழவுக் காலத்தில் அவருடைய கொழு வெள்ளிபோல் மின்னும். அது துருப்பிடிப்பதே இல்லை என்று நெடுங்காலம் எண்ணியிருந்தேன். உண்மையில் ஈர மண்ணில் அது நாள்தோறும் துருப்பிடித்தது. நாள்தோறும் மண்ணே அதனைத் தேய்த்து எடுத்தது. துருவோடு இரும்பும் போயிற்று. முனை மழுங்கியதும் கொழு கொல்லன் உலைக்குச் செல்லும். நான் ஒளி என்று பாடியது தேய்மானத்தை.

துருப்பிடித்தல் எவ்வகை வினை? சுண்ணாம்புக்கல் சூளையில் வெந்து பிரிவது சிதைவு வினை. சுட்ட சுண்ணாம்பு நீரோடு கூடிக் கொதிப்பது சேர்க்கை வினை. மயில்துத்தக் கரைசலில் இட்ட ஆணியின்மேல் செம்பு படிவது இடப்பெயர்ச்சி வினை. இரும்பு துருவாவது ஆக்ஸிஜனேற்றம். விறகு எரிவதும் இதே இனத்ததுதான். விறகு நாழிகையில் முடிப்பதை இரும்பு ஆண்டுக்கணக்கில் செய்கிறது. இதற்குக் காற்றும் வேண்டும், நீரும் வேண்டும். கொதித்தாறிய நீரில் ஆணியை மூழ்கவிட்டு மேலே எண்ணெய் ஊற்றிவிட்டால் துரு ஏறுவதில்லை. ஈரமற்ற காற்றிலும் அப்படியே. இரண்டும் கூடிய இடத்தில் இரும்பு எலக்ட்ரான்களை இழக்கிறது. ஆக்ஸிஜன் அவற்றை ஏற்கிறது. நீர் சேர்ந்த செம்பழுப்பு ஆக்சைடு பிறக்கிறது. மண்ணில் இரும்புத்தாது கிடப்பதும் பெரும்பாலும் ஆக்சைடாகவே. ஊதுலையில் கரியின் துணையால் நாம் பிரித்தெடுத்த ஆக்ஸிஜனை இரும்பு திரும்பப் பெற்றுக்கொள்கிறது, அவ்வளவே.

இடையில் ஒன்று. செம்பின் களிம்பையும் துருவையும் ஒன்றாக்கிப் பாடாதீர்கள். காற்றில் நின்ற செம்பின்மேல் படியும் பச்சை பெரும்பாலும் அதற்குக் காப்பு. துருவோ பொருக்காக உதிர்ந்து, அடியிலுள்ள இரும்பை மீண்டும் காற்றுக்குக் காட்டிவிடும்.

பாம்பன் பாலத்தைப் பாருங்கள். 1914ஆம் ஆண்டு பிப்ரவரியில் திறக்கப்பட்டது. 1964ஆம் ஆண்டுப் புயலில் சிதைந்து, செப்பனிடப்பட்டு, மீண்டும் இரயில்களைச் சுமந்தது. அது உறங்கிய பாலமா? ஆயினும் துரு அதை விடவில்லை. கடற்காற்றின் உப்பு கலந்த நீர்ப்படலம் மின்னோட்டத்தை எளிதாகக் கடத்தும். அங்கே துரு விரைந்து ஏறும். சுரண்டிச் சுரண்டி வண்ணம் பூசிய தொழிலாளர் கைகளால்தான் அது நின்றது. 2022 டிசம்பரில் அதன்மீது இரயில் ஓட்டம் நிறுத்தப்பட்டது. 2025 ஏப்ரலில் புதிய பாலம் திறக்கப்பட்டது.

இனித் தில்லி மெஹ்ரோலியின் இரும்புத் தூண். ஏழு மீட்டருக்கு மேல் உயரம், ஆறு டன்னுக்கு மேல் எடை. ஏறத்தாழ 1600 ஆண்டுகளாக ஒரு வேலையும் செய்யாமல் நிற்கிறது, பெரிதாகத் துருவேறவில்லை. அதன் இரும்பில் பாஸ்பரஸ் மிகுதி. இன்றைய எஃகு ஆலைகள் வேண்டாத கலப்பென்று நீக்குவது அதைத்தான். அந்தப் பாஸ்பரஸ் துருவோடு கூடி மெல்லிய காப்புப் படலமாயிற்று என்று கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம் விளக்கினார். தில்லியின் வறண்ட காற்றும் துணை நின்றது. மண்ணுள் புதைந்த அடிப்பகுதியோ துருப்பிடித்துத்தான் இருந்தது.

உழைத்தது துருவேறிற்று, சும்மா நின்றது பிழைத்தது. நம் உவமையை எங்கே வைப்பது?

தந்தையார் மறைந்தபின் அவருடைய கடைசிக் கொழு பரணில் கிடந்தது. சென்ற ஆண்டு இறக்கினேன், கையெல்லாம் செம்பழுப்பு. ஆனாலும் அது முழுக் கொழுவாக இருந்தது. அவர் உழுது தேய்த்த கொழுக்கள் எவையும் வீட்டில் இல்லை. அவை எங்கள் வயல் மண்ணில் கலந்து கிடக்கின்றன.

இந்த மலருக்கு என் பழைய 'துரு' கவிதையைக் கேட்டார்கள். அதற்குப் பதிலாக இந்த உரையை எடுத்துக்கொள்ளுமாறு பதிப்புக் குழுவினரிடம் சொல்லியிருக்கிறேன்.