வலி மாத்திரையும் நம் சிறுநீரகமும்

 

வெள்ளி விழா மேடையில் ஒரு தலைமையாசிரியர் கல்வியைப் பற்றிப் பேசுவார் என்றே எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேச வந்திருப்பது மாத்திரையைப் பற்றி. இதுவும் படிப்போடு சேர்ந்ததுதான்.

என் தாயார் திருவரங்கத்துக்கு அப்பால், கொள்ளிடக் கரை வயல்களில் நடவுக்கும் களையெடுப்புக்கும் சென்றவர். நான் நான்காம் வகுப்பு படித்த நாளில், மாலையானால் கடைக்கு ஓடி இரண்டு ஏ.பி.சி. மாத்திரை வாங்கி வருவது என் வேலை. பகலெல்லாம் குனிந்த முதுகு, அதைப் போட்டால்தான் மறுநாள் நிமிரும். நிமிராவிட்டால் கூலி ஏது?

அந்தப் பெயரில் 'ஏ' ஆஸ்பிரின், 'சி' காஃபீன். நடுவிலிருந்த 'பி'தான் பினாசிட்டின். 1880-களில் ஜெர்மனியில் விற்பனைக்கு வந்து உலகெங்கும் பரவிய மருந்து அது. சுவீடன் நாட்டில் ஹஸ்க்வர்னா என்றொரு தொழிற்சாலை ஊர் உண்டு. 1918-ஆம் ஆண்டின் விஷக் காய்ச்சலின்போது அங்கே பினாசிட்டினும் காஃபீனும் கலந்த ஒரு பொடி வழக்கத்துக்கு வந்தது. காய்ச்சல் போயிற்று, பொடி போகவில்லை. சோர்வு தெரியாமல் உழைப்பதற்காகத் தொழிலாளர்கள் அதை நாள்தோறும் உண்டனர். நிறுத்தினால் தலைவலி, தலைவலிக்கு மீண்டும் பொடி. ஆண்டுகள் பல கழிந்தபின், அவர்களுள் பலருடைய சிறுநீரகங்கள் பழுதுபட்டிருப்பது தெரிய வந்தது. இத்தகையோருக்குச் சிறுநீரகத்தின் உட்குழியில் புற்றுநோய் தோன்றுவதை 1965-இல் சுவீடன் மருத்துவர்கள் எடுத்துக்காட்டினர்.

பொன்மலைப் பணிமனையையும் காந்தி சந்தையின் மூட்டைகளையும் அறிந்த நமக்கு இக்கதை அயலார் கதையன்று.

இந்தியாவில் பினாசிட்டின் 1983-இல் தடை செய்யப்பட்டது. அது கலந்த வலி மருந்துகள் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குபவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1987-இல் வகைப்படுத்தியது. ஆனால் இந்நோய், மருந்து உண்ட காலத்துக்குப் பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும்.

என் தாயாருக்கு அறுபது வயதுக்கு மேல் சிறுநீர் சிவந்து போயிற்று. வலியே இல்லை. "சூடு" என்றோம், இளநீரும் நீர்மோரும் கொடுத்தோம். இரண்டு நாளில் நின்றது; மறந்தோம். மாதங்கள் கழித்து மீண்டும் வந்தபோதுதான் மருத்துவரிடம் சென்றோம். சிறுநீர்ப்பையில் கட்டி இருந்தது. மாத்திரைதான் காரணம் என்று அவர் அறுதியிட்டுக் கூறவில்லை. எத்தனை ஆண்டு சாப்பிட்டார்கள் என்று மட்டும் கேட்டார். அந்தக் கணக்கைச் சொல்ல வேண்டியவன் நான். வாங்கி வந்தவன் நான்தானே!

இன்று கடையில் கிடைப்பவை வேறு. பாராசிட்டமால் புற்றுநோய் உண்டாக்குவதாக நிறுவப்படவில்லை. அளவு மீறினால் ஈரலைக் கெடுக்கும். டைக்ளோஃபெனாக் மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாதது; எனினும் பலரும் கேட்டு வாங்கிப் போடுகிறோம். அது சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கிறது. வெயிலில் வியர்த்து, தண்ணீர் குடிக்காமல் உழைப்பவருக்கும், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ளவருக்கும் ஆபத்து அதிகம். இளைஞர்களுக்கு இன்னொன்று: சிறுநீர்ப்பைப் புற்றுநோய்க்கு முதற்பெரும் காரணம் மாத்திரையன்று, புகை. பீடியும் அதில் அடங்கும்.

வலியைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அதைச் சொல்ல எனக்கு உரிமையுமில்லை. சில நாட்களுக்கு மேல் நாள்தோறும் மாத்திரை தேவைப்பட்டால் மருத்துவரிடம் காட்டுங்கள். சிறுநீரில் ஒருமுறை இரத்தம் கண்டாலும், வலி இல்லாவிட்டாலும், தானே நின்றுவிட்டாலும், புத்தூர் அரசு மருத்துவமனைக்கோ திருவரங்கம் அரசு மருத்துவமனைக்கோ சென்று சோதித்துக்கொள்ளுங்கள். சிறுநீர்ச் சோதனைக்கு அங்கே காசு கேட்பதில்லை.

மாணவர்களுக்கு ஒரு வேலை தருகிறேன். வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை, வீட்டிலிருக்கும் மாத்திரை அட்டைகளை எல்லாம் சங்கக் கட்டடத்துக்குக் கொண்டு வாருங்கள். பெயர்களை உட்கார்ந்து வாசிப்போம். பாட்டியிடம் தினம் எத்தனை என்று கேட்டு, ஒரு தாளில் எழுதி வாருங்கள்.