நிர்வாகப் பயிற்சி: லாபம் யாருக்கு?

(ஆலை வாயில் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



ஆலை நஷ்டத்தில் ஓடுகிறது என்று முதலாளி கைவிரிக்கும் போதெல்லாம் பழி யார் தலையில் விழுகிறது? தொழிலாளி சோம்பேறி, லீவு போடுகிறான், சங்கம் கெடுக்கிறது! இந்தப் பழிக்கு நாம் எத்தனையோ முறை பதில் சொல்லியிருக்கிறோம். இன்று முதலாளிகளின் சொந்த நிபுணர்கள் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

2008-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தையும் உலக வங்கியையும் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள் மும்பைக்கு வடக்கே தாராப்பூர், உம்பர்காவ் வட்டாரத்துத் துணி ஆலைகளில் ஒரு பரீட்சை தொடங்கினார்கள். 17 கம்பெனிகள், 28 ஆலைகள். சர்வதேச ஆலோசனைக் கம்பெனி ஒன்றை அமர்த்தி, சில ஆலைகளின் நிர்வாகத்துக்கு ஐந்து மாதம் இலவசமாகப் பாடம் நடத்தினார்கள். மற்ற ஆலைகளுக்கு ஒரு மாத சோதனையோடு சரி.

உள்ளே போனவர்கள் கண்டது என்ன? கிடங்கில் எந்த நூல் எவ்வளவு கிடக்கிறது என்பதற்கு ஒழுங்கான கணக்கு இல்லை. தறி ஏன் நின்றது என்று எழுதி வைத்து ஆராய்கிற வழக்கம் இல்லை. இயந்திரம் உடைந்த பிறகுதான் பழுது பார்ப்பு. குறை விழுந்த துணியைச் சோதிக்கவும் திருத்தவும் மட்டும் ஆள் பலத்தில் 19 சதவீதம்! முதலாளியோ தன் குடும்பத்து ஆண்களைத் தவிர வேறு எவரையும் நம்பிப் பொறுப்பை விடுவதில்லை. இதிலே எது நெசவுத் தொழிலாளி செய்த குற்றம்?

கணக்கு எழுது, கிடங்கை ஒழுங்கு செய், இயந்திரத்துக்குக் காலாகாலத்தில் எண்ணெய் விடு. இப்படி 38 பழக்கங்களைச் சொல்லிக் கொடுத்தார்கள். (நம் மேஸ்திரியைக் கேட்டிருந்தால் இதில் பாதியை ஒரு டீ செலவில் சொல்லியிருப்பார்!) முதல் ஆண்டிலேயே உற்பத்தித் திறன் 17 சதவீதம் கூடியது. ஆலை ஒன்றுக்கு வருஷத்துக்குச் சுமார் 3 லட்சம் டாலர் கூடுதல் லாபம் என்று அவர்களே மதிப்பிட்டார்கள்.

அந்த லாபக் கணக்கைப் பிரித்துப் பாருங்கள். வீணாகும் துணி குறைந்தது ஒரு இனம், உற்பத்தி கூடியது ஒரு இனம். இன்னொரு இனம், துணி திருத்தும் ஆட்களின் கூலியில் மிச்சம்! குறை குறைந்தால் திருத்துகிறவன் வேண்டாம். நிர்வாகத்தின் அலங்கோலத்தைத் தன் கண்ணாலும் விரலாலும் இத்தனை காலம் மூடி மறைத்தவன் வெறும் மிச்சக் கணக்காகிறான். அவர்கள் பறைசாற்றும் முடிவுகளிலே தரம் உண்டு, திறன் உண்டு, லாபம் உண்டு. கூலி உயர்வு இல்லை.

2017-ல் திரும்பப் போய்ப் பார்த்தார்கள். புகுத்திய பழக்கங்களில் சுமார் பாதி கைவிடப்பட்டிருந்தது. மானேஜர் மாறினால் பாடமும் போயிற்று.

உடனே ஒரு வாதம் வருகிறது: "அன்னிய மூலதனம் வரட்டும், நல்ல நிர்வாகமும் கூடவே வரும்." பன்னாட்டுக் கம்பெனிகள் எந்த நாட்டிலும் கட்டுக்கோப்பாக நடக்கின்றன என்பதை ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. நாம் மறுக்கவில்லை. ஆனால் ஸ்ரீபெரும்புதூரைப் பாருங்கள். அங்கே சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரமும் கூலி உயர்வும் கேட்டு 2024 செப்டம்பர் 9 முதல் 37 நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கப் பதிவு 2025 ஜனவரியில்தான் கிடைத்தது. அதே வட்டாரத்தில் 2006-ல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ந் தேதி நின்று போயிற்று. கிராமத்து ஏழை வீடுகளிலிருந்து அங்கே வேலைக்குப் போன பெண்கள் கதி என்ன ஆயிற்று என்பதை விவசாயத் தொழிலாளித் தோழர்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சியை நாம் எதிர்க்கவில்லை. கழிவுப் பஞ்சு காலில் சிக்காத ஆலை, உடையுமுன் பழுது பார்த்த தறி நமக்கும் நல்லதே. ஆகவே எந்த ஆலையில் ஆலோசகர் வந்து இறங்கினாலும் சங்கம் முதல் நாளே கேட்க வேண்டியவை இவை: பரீட்சையின் கணக்கு சங்கத்தின் பார்வைக்கு வர வேண்டும், கூடிய உற்பத்தியில் கூலிக்குப் பங்கு வேண்டும், சோதனைப் பகுதித் தோழர்கள் ஒருவரையும் வெளியேற்றாமல் வேறு பகுதியில் அதே சம்பளத்தில் வேலை தருவதாக நிர்வாகம் எழுத்து மூலம் ஒப்புக்கொள்ள வேண்டும்.